ஸ்கூபாவில் காற்றுப் பகிர்வும் உபகரண அமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலோ அந்தமானிலோ திருகோணமலையிலோ ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்து, வாடகை செட்டில் சில டைவ்கள் போய்விட்டு, சொந்தமாக ரெகுலேட்டர் வாங்கலாமா என்று யோசிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குகைக்குள் போகாத, 40 மீட்டருக்குக் கீழே இறங்காத, ஒரே டேங்க்கோடு போகிற பொழுதுபோக்கு டைவரை மனதில் வைத்துத்தான் எல்லாப் பதில்களும். இங்கே படித்ததை நேரே கடலில் முயல வேண்டாம். ஒரு பயிற்றுநரோடு நீச்சல் குளத்திலோ ஆழம் குறைந்த இடத்திலோ முதலில் பழகிவிடுங்கள்.

ஒரு டேங்க்குக்கு எதற்கு இரண்டு ரெகுலேட்டர்?

டேங்க் வால்வில் மாட்டும் பாகம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். டேங்க்கில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி அது குறைத்து அனுப்புகிறது. ஹோஸின் மறுமுனையில் வாய்க்கு வருவது செகண்ட் ஸ்டேஜ். பேச்சில் ரெகுலேட்டர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இரண்டாவதாகத் தொங்கும் மஞ்சள் நிற செகண்ட் ஸ்டேஜுக்கு ஆக்டோபஸ் என்று பெயர். காற்று இல்லாமல் வரும் இன்னொருவருக்குக் கொடுப்பதற்காகவே அது இருக்கிறது.

ஆக்டோபஸ் பரவலாவதற்கு முன்னால் ஒரே ரெகுலேட்டரை இருவரும் இரண்டிரண்டு மூச்சாக மாற்றி மாற்றி வாயில் வைத்துக்கொண்டு மேலே வருவார்கள். குளத்தில் அழகாக வரும். உண்மையான பதற்றத்தில், கையில் கிடைத்த ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் ஆரம்பப் பாடத்திலிருந்து அதை எடுத்துவிட்டது சரியான முடிவு.

டேங்க் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் கண் முன்னால் இருக்கும்போது காற்று தீருமா? உண்மையிலேயே நடக்கிறதா?

நடக்கிறது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், சுருக்கமாக டான் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை பதிவான 947 டைவிங் மரணங்களை ஆராய்ந்தார்கள். விபத்து எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் போதாமல் தொடங்கியவை. உபகரணக் கோளாறில் தொடங்கியவை 15 சதவீதம். அதாவது, ரெகுலேட்டர் பழுதாவதைவிட, நல்ல ரெகுலேட்டர் காலி டேங்க்கில் மாட்டியிருப்பதே பெரிய ஆபத்து.

பெரும்பாலும் இது மெல்லத்தான் நடக்கும். நீரோட்டத்தை எதிர்த்து உதைக்கும்போது மூச்சு இரண்டு மடங்காகிவிடும். மனதிலோ பத்து நிமிடத்துக்கு முன்னால் பார்த்த 120 பார்தான் இருக்கும். ஆழம் அதிகமானால் இன்னும் வேகம். 30 மீட்டரில் நீரழுத்தம் 4 பார் என்பதால், ஒவ்வொரு மூச்சும் மேற்பரப்பில் விடும் மூச்சைப்போல நான்கு மடங்கு காற்றைத் தின்னும்.

இன்னொரு வகை, டேங்க் நிறையக் காற்று இருந்தும் அது வராமல் போவது. படகில் அவசரத்தில் யாராவது வால்வைத் தவறான பக்கம் முழுக்கத் திருப்பி, பிறகு கால் சுற்று மட்டும் திறந்துவிட்டிருப்பார்கள். மேலே மூச்சு நன்றாகவே வரும். 15 மீட்டரில், அடர்த்தியான காற்று அந்தச் சின்ன இடுக்கில் போதுமான அளவு நுழையாது. இழுக்க இழுக்க மூச்சு இறுகும். இதைப் படகிலேயே பிடித்துவிடலாம். முள் கேஜைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் நான்கைந்து பெரிய மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நின்றால் வால்வு திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே விழுந்து எழுந்தால் திறப்பு போதாது. படிப்படியாக இறங்கிக்கொண்டே போனால் வால்வு மூடியே இருக்கிறது, ஹோஸில் தங்கிய காற்றைத்தான் இழுக்கிறீர்கள். டிஜிட்டல் கேஜில் இந்த ஆட்டம் சட்டென்று தெரியாது. அதற்காகவே முள் கேஜை எனக்குப் பிடிக்கும். முழுக்கத் திறந்துவிட்டுக் கால் சுற்று திருப்பி வைக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். திறந்தால் முழுக்கத் திறப்பு, மூடினால் முழுக்க மூடல். நடுவில் எதுவும் வேண்டாம்.

காற்று தீர்ந்தவர் என் ஆக்டோபஸைத் தேடி எடுத்துக்கொள்வாரா?

அமைதியானவர் என்றால் சைகை காட்டிவிட்டு, நீங்கள் நீட்டுவதை வாங்கிக்கொள்வார். பயந்துபோனவருக்குக் கண்ணில் படுவது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் வாயில் இருக்கும் ரெகுலேட்டர். அதிலிருந்து குமிழி வருகிறது, ஆகவே அது வேலை செய்கிறது. கண் மட்டத்தில் இருக்கிறது. கை தானாக அங்கேதான் போகும். எல்லாரும் இப்படிச் செய்வார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த அமைப்பை வாங்கினாலும் இப்படி நடந்தால் அடுத்த மூச்சு உங்களுக்கு எங்கிருந்து வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வாயில் இருப்பதையே கொடுத்துவிடலாமா? ஆக்டோபஸ் கொடுப்பது தவறா?

தவறில்லை. உலகம் முழுக்கப் பெரும்பாலான டைவர்கள் கற்றது அதைத்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாயில் இருப்பதைக் கொடுப்பதுதான் நல்லது என்பது என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

ஆக்டோபஸ் முறையில், உங்கள் வாயில் இருப்பது சுமார் 70 முதல் 75 செ.மீ. ஹோஸில் இருக்கும், ஆக்டோபஸ் 90 முதல் 100 செ.மீ. மஞ்சள் ஹோஸில் மார்பருகே மாட்டியிருக்கும். கொடுப்பவருக்கு இது எளிது. அவர் மூச்சு ஒரு கணமும் தடைபடாது. சிக்கல் வாங்குபவர் பக்கம். டைவ் முழுவதும் யாரும் மூச்சு விட்டுப் பார்க்காத ஒன்றை, மணலில் புரண்டதோ என்னவோ தெரியாத ஒன்றை, நுரையீரலில் காற்றே இல்லாத மனிதரிடம் கொடுக்கிறோம்.

வாயில் இருப்பதைக் கொடுக்கும் முறையில், ஒரு நொடிக்கு முன்புவரை நன்றாக வேலை செய்த ரெகுலேட்டர் அவருக்குப் போகிறது. உங்களுக்கானது தாடைக்குக் கீழே, ஒரு ரப்பர் வளையத்தில் கழுத்திலேயே இருக்கும். வலது கை ரெகுலேட்டரை எடுத்து நீட்டும், தலை கொஞ்சம் குனிந்து ஹோஸை விடுவிக்கும், இடது கை கழுத்தருகே இருப்பதை வாய்க்குத் தள்ளும். பழகியவர்கள் கையே இல்லாமல் தாடையைத் தாழ்த்திக் கவ்விக்கொள்வார்கள். அந்த ஓரிரு நொடி உங்களிடம் ரெகுலேட்டர் இருக்காது. ஆனால் நீங்கள் அப்போதுதான் மூச்சு இழுத்தவர், பயப்படாதவர். காத்திருக்க முடிந்தவர் காத்திருக்கிறார், முடியாதவருக்கு உடனே கிடைக்கிறது. பதறிப் பறித்தாலும் இதேதான் நடக்கும் என்பதால் திட்டம் கலையாது.

கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டுவது ஆபத்தில்லையா?

வளையம் தலை வழியாகக் கழற்றும் அளவு தளர்வாக இருக்க வேண்டும். இழுத்தால் மௌத்பீஸ் வளையத்திலிருந்து உருவிக்கொண்டு வர வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் கழுத்து இறுகாது. கூடவே இதற்கு 55 முதல் 60 செ.மீ. ஹோஸ் போட வேண்டும். பழைய ஆக்டோபஸ் ஹோஸையே கழுத்தில் சுற்றினால் பக்கவாட்டில் பெரிய வளைவாகப் பிதுங்கி, எதிலாவது மாட்டும்.

7 அடி ஹோஸ் எனக்கு வேண்டுமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது எங்கே பிறந்தது என்று தெரிந்தால் ஏன் என்று புரியும்.

வட ஃப்ளோரிடாவின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் நன்னீர் ஊற்றுக் குகைகள் நிறைய உண்டு. அங்கே காற்று தீர்ந்தால் நேரே மேலே போக முடியாது, தலைக்கு மேல் பாறை. வந்த வழியே திரும்ப வேண்டும், அதுவும் சில இடங்களில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும். ஆகவே முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருபவர் காற்றுக் கொடுக்க 7 அடி, ஏறக்குறைய 210 செ.மீ. ஹோஸ் தேவைப்பட்டது. குகை டைவிங்கின் முன்னோடி ஷெக் எக்ஸ்லியின் தலைமுறையில் இந்தப் பழக்கங்கள் உருவாயின. தேவையில்லாத எதையும் உடம்பில் தொங்கவிடாத சீரான அமைப்புக்கு, வில்லியம் ஹோகார்த் மெயின் என்ற குகை டைவரின் நடுப்பெயரால் ஹோகார்த்தியன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பிறகு வகுல்லா ஊற்றுகளை ஆராய்ந்த குழுவினர் வழியாகவும், 1998ல் ஜாரட் ஜப்லான்ஸ்கி தொடங்கிய குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ் என்ற பயிற்சி அமைப்பு வழியாகவும் அது திறந்த கடலுக்கு வந்தது.

திறந்த கடலில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நீந்தலாம், நேரே மேலே ஏறலாம். அதற்கு 5 அடி, அதாவது 150 செ.மீ. தாராளம். வலது அக்குளுக்குக் கீழே வந்து, மார்பைக் குறுக்கே கடந்து, கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். 7 அடி ஹோஸின் மிச்சத்தை இடுப்புப் பட்டையில் செருகி வைக்க வேண்டும். குகைக்காரர்களுக்கு அங்கே விளக்கின் பேட்டரிப் பெட்டி இருக்கும், உங்களுக்கு இருக்காது.

இன்னும் எளிதான வழி ஒன்று உண்டு, புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்: 100 செ.மீ. ஹோஸ், அக்குளுக்குக் கீழே வந்து, திரும்பக்கூடிய ஒரு முழங்கை இணைப்போடு வாய்க்கு. கழுத்தைச் சுற்றுவது இல்லை, தலை குனிய வேண்டியதும் இல்லை. கழுத்தில் வளையத்தோடு இரண்டாவது ரெகுலேட்டர். காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட் பிசிடியோடும் பொருந்தும். இருவர் முகத்தோடு முகமாக மேலே வர அந்த நீளம் போதும்.

நான் வாடகை செட்டில்தான் போகிறேன். ஆக்டோபஸை எங்கே மாட்டுவது?

தாடைக்கும் கீழ் விலா எலும்புகளுக்கும் நடுவே உள்ள முக்கோணத்துக்குள், எதிரே வருபவர் கண்ணில் படும்படி. பிசிடி பாக்கெட்டுக்குள் திணிப்பது, பக்கவாட்டில் தொங்கவிடுவது இரண்டும் வேண்டாம். ஒரு இழுப்பில் கழன்று வருகிற, ஆனால் தானாக விழாத பிடிப்பான் வேண்டும். விலை மிகக் குறைவான பொருள் இது. வாடகை செட்டில் இது பெரும்பாலும் உடைந்துதான் இருக்கும், சொந்தமாக ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரையிலேயே ஆக்டோபஸைச் சோதிக்க வேண்டும். டேங்க் வால்வைத் திறப்பதற்கு முன், ஹோஸில் காற்று இல்லாதபோது, மௌத்பீஸில் வாய் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். எதுவும் வரக்கூடாது. காற்று கசிந்து உள்ளே வந்தால் டயஃப்ரமிலோ வெளிமூச்சு வால்விலோ ஓட்டை. தண்ணீருக்குள் அந்த வழியாகத் தண்ணீர் வரும். மௌத்பீஸை இறுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது இல்லையென்றால், அவசரத்தில் கடித்து இழுப்பவரின் வாயில் மௌத்பீஸ் மட்டும் நிற்கும், ரெகுலேட்டர் கையோடு போய்விடும். மௌத்பீஸ் கிழிந்திருந்தாலும் மாற்றிக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். அப்புறம் தண்ணீருக்குள் இறங்கியதும் அதில் நான்கு மூச்சு விட்டுப் பாருங்கள்.

ஆக்டோபஸில் நெம்புகோலோ திருகோ இருந்தால், தானாகக் காற்று பீறிடாமல் இருக்க அதைக் கடினமான பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். கொடுத்த பிறகு மூச்சு இறுக்கமாக இருக்கிறது என்று வாங்கியவர் நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திருகை.

இன்ஃப்ளேட்டரோடு சேர்ந்த ரெகுலேட்டர் எப்படி?

ஸ்கூபாப்ரோவின் ஏர்-2 இதில் பிரபலமானது. பிசிடிக்குள் காற்றை ஏற்றி இறக்கும் இன்ஃப்ளேட்டரும் இரண்டாவது ரெகுலேட்டரும் ஒரே பொருளாக இருக்கும், ஒரு ஹோஸ் குறையும். இதை வைத்திருப்பவர் வாயில் இருப்பதைத்தான் கொடுத்தாக வேண்டும், தான் இன்ஃப்ளேட்டரில் மூச்சு விட வேண்டும். எனக்கு இதில் மனக்குறை உண்டு. மேலே ஏறும்போது பிசிடியிலிருந்து காற்றை வெளியேற்ற இன்ஃப்ளேட்டரை உயர்த்திப் பிடிப்பது நம் வழக்கம். அதுவே வாயில் இருந்தால் அது முடியாது. பின்பக்க வால்வுக் கயிற்றை இழுத்துக் காற்றை விடப் பழகியவருக்குச் சரி. அதோடு கொடுக்கும் ரெகுலேட்டர் 75 செ.மீ. ஹோஸிலேயே இருந்தால் இருவரும் மூக்கு உரச வேண்டியிருக்கும். வாங்குகிறவர்கள் ஹோஸையும் 100 செ.மீ. ஆக மாற்றிக்கொள்ள வேண்டும்.

50 பாரில் மேற்பரப்பில் இருந்தால் போதும் என்கிறார்களே, அது இரண்டு பேருக்குப் போதுமா?

உபகரணத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆக்டோபஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதன் பின்னால் இருவருக்குக் காற்று இல்லையென்றால் இரண்டு பேருக்கும் சேர்ந்து தீரும். ஆகவே மெதுவாகப் போட்டுப் பார்ப்போம்.

நம் ஊரில் கிடைக்கும் வழக்கமான அலுமினியம் டேங்க்கின் கொள்ளளவு 11.1 லிட்டர். 1 பார் என்றால் 11 லிட்டர் காற்று, 50 பார் என்றால் 555 லிட்டர். பதற்றத்தில் ஒருவர் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், இருவருக்கு 50.

முதலில் 18 மீட்டர். நிலைமையைப் புரிந்துகொண்டு காற்றைக் கொடுத்து ஏறத் தொடங்க 1 நிமிடம். அங்கே அழுத்தம் 2.8 பார், ஆக 140 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டருக்கு வர ஒன்றரை நிமிடம், சுமார் 160 லிட்டர். 5 மீட்டரில் பாதுகாப்புக்காக 3 நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப், 225 லிட்டர். அங்கிருந்து மேற்பரப்புக்கு 1 நிமிடம், 60 சொச்சம். மொத்தம் 590 லிட்டருக்கு நெருக்கம், அதாவது 53 பார். இது ஏறத் தொடங்கும்போது டேங்க்கில் இருக்க வேண்டிய அளவு. 18 மீட்டரில் 50 பார் காட்டும்வரை சுற்றிக்கொண்டிருப்பவருக்குக் கொஞ்சமும் மிச்சம் இல்லை.

இப்போது 30 மீட்டர். அந்தமானின் ஹேவ்லாக் தீவுப் பக்கம் டிக்சன்ஸ் பினக்கிள் போன்ற இடங்களில் சாதாரணமாகப் போகிற ஆழம்தான். கீழே 1 நிமிடத்துக்கு 200 லிட்டர். 5 மீட்டருக்கு வர ஏறக்குறைய 3 நிமிடம், 410 லிட்டர். ஸ்டாப்புக்கும் மீதி ஏற்றத்துக்கும் 285. சுமார் 900 லிட்டர், அதாவது 80 பார். கீழே 1 நிமிடம் என்பது 2 நிமிடமானால் 100 பார். அந்த ஆழத்தில் 50 பாரை இருவர் பகிர்ந்தால் அசையாமல் நின்றாலே 3 நிமிடத்துக்குள் காலி. 30 மீட்டர் டைவில் 100 பாரில் அந்த ஆழத்தைவிட்டுக் கிளம்புவது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். காற்று மோசமாகிவிட்டால் சேஃப்டி ஸ்டாப்பை விட்டுவிடலாம், அது கூடுதல் பாதுகாப்புக்குத்தான். ஆனால் அதை விட்டுவிடலாம் என்று திட்டமிட்டே இறங்கக்கூடாது.

மலிவான ஆக்டோபஸ் வாங்கலாமா? ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இரண்டு பேரைத் தாங்குமா?

வாயில் இருப்பதைக் கொடுக்கும் அமைப்பென்றால் இரண்டையும் ஒரே தரத்தில் வாங்குங்கள், ஏனென்றால் இரண்டாவது உங்களுடையது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பேலன்ஸ்டு வகையாக இருக்கட்டும். பேலன்ஸ் இல்லாத பிஸ்டன் வகை உறுதியானது, ஆழம் குறைந்த இடத்தில் நன்றாகவே ஓடும். ஆனால் டேங்க் அழுத்தம் குறையக் குறைய அதன் காற்றோட்டமும் குறையும். காற்றுப் பகிர்வு நடப்பதே டேங்க் காலியாகும் நேரத்தில்தானே. ஐரோப்பியத் தர நிர்ணயமான இஎன் 250, 2014 பதிப்பில், இருவர் ஒரே நேரத்தில் மூச்சு விடும்படி சோதிக்கப்பட்டவற்றுக்கு இஎன் 250ஏ என்று தனி முத்திரை கொடுக்கிறது. வாங்கும்போது பாருங்கள்.

ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே நூல் பின்னிய நெகிழ்வான ஹோஸ்கள் வசதியானவை, ஆனால் வெப்பமான பகுதிகளில் சிலவற்றின் உள்குழாய் சிதைந்து, மஞ்சள் படிகம்போல் உள்ளே அடைத்ததை டான் எச்சரித்திருக்கிறது. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. நம் வெயிலுக்குச் சாதாரண ரப்பர் ஹோஸ் போதும்.

போனி பாட்டில் வாங்கலாமா?

தனி ரெகுலேட்டரோடு கூடவே எடுத்துப்போகும் சின்ன உபரி டேங்க்தான் போனி பாட்டில். கூட்டாளி யார் என்றே தெரியாமல் படகில் ஏறுகிறவர்களுக்கு, கையில் கேமராவோடு தனியே ஒதுங்குகிறவர்களுக்கு, நல்ல முதலீடு. மேலே போட்ட 30 மீட்டர் கணக்கில் ஒருவருக்கு 450 லிட்டர் வேண்டும். 200 பாரில் 3 லிட்டர் பாட்டில் 600 லிட்டர் தரும், போதும். 2 லிட்டர் பாட்டிலின் 400 லிட்டர் 18 மீட்டருக்கு நன்று, 30க்குக் கொஞ்சம் இழுபறி. ஸ்பேர் ஏர் என்ற கையடக்கக் குப்பியின் 3 கன அடி வகையில் இருப்பது சுமார் 85 லிட்டர்தான். 30 மீட்டரில் ஒரு நிமிடத்துக்குக்கூட வராது. விளம்பரப் படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்.

இரட்டை டேங்க், டேங்க்கை உடலின் பக்கவாட்டில் மாட்டும் சைட்மவுண்ட் எல்லாம் தனிப் பயிற்சி. மட்டக்களப்புக்கு அப்பால் 1942ல் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பலைப் பார்க்கும் ஆசையில் பலர் கேட்கிறார்கள். அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டிய டெக்னிக்கல் டைவ் அது. இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் அதற்குப் போதாது.

ஜாக்கெட் பிசிடியா, பேக்பிளேட்டும் விங்குமா?

பேக்பிளேட் என்பது முதுகுத் தகடு, விங் என்பது அதன் பின்னால் மாட்டும் காற்றுப்பை. காற்றுப் பகிர்வைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. விங் தண்ணீருக்குள் உடலைக் கிடைமட்டமாக வைக்க உதவும், மார்புப் பக்கம் காலியாக இருக்கும். ஜாக்கெட் மேற்பரப்பில் சொகுசு. உடம்புக்குப் பொருந்துவதை வாங்குங்கள்.

யோக்கா, டிஐஎன்னா?

ரெகுலேட்டரை டேங்க் வால்வில் மாட்டும் இரு வகை இணைப்புகள் இவை: யோக் வால்வைக் கவ்விப் பிடிக்கும், டிஐஎன் வால்வுக்குள் திருகி இறங்கும். டிஐஎன் இணைப்பு உறுதியானது. இங்கே பல மையங்களில் யோக் வால்வுதான் இருக்கும் என்பதால், டிஐஎன் வாங்கினால் யோக் அடாப்டர் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

என் கூட்டாளியின் அமைப்பு வேறு மாதிரி இருந்தால்?

பிரச்சினையே இல்லை, முன்னாலேயே பேசிவிட்டால். "எனக்குக் காற்று வேண்டுமென்றால் உங்களிடம் எதை எடுக்க வேண்டும்? உங்களுக்கு வேண்டுமென்றால் நான் இதை, இப்படிக் கொடுப்பேன்." படகில் ஒரு நிமிடப் பேச்சு. பேசும்போதே ரெகுலேட்டரைக் கையில் எடுத்து நீட்டிக் காட்டுங்கள். ஹோஸ் எதிலாவது சிக்கியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிசிடி பட்டைக்கு அடியில் ஆக்டோபஸ் ஹோஸ் மாட்டிக்கொண்டிருப்பதை இப்படித்தான் அடிக்கடி கண்டுபிடிக்கிறோம்.

கைடு கூடவே வருகிறார், அவரிடம் போனால் போதாதா?

கைடு முன்னால் போகிறார், நான்கைந்து பேர் பின்னால். கடைசியில் இருப்பவர் 10 மீட்டர் தள்ளியிருப்பார். மூச்சை வெளியே விட்ட கணத்தில் காற்று நின்றால் 10 மீட்டர் நீந்துவது மிக மிகக் கடினம். புதுச்சேரியில் தண்ணீர் கலங்கிய நாளில் கைடே கண்ணுக்குத் தெரிய மாட்டார். கைடு எத்தனை திறமையானவராக இருந்தாலும், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு கூட்டாளி வேண்டும்.

கொடுத்தாயிற்று. அடுத்து என்ன?

கொடுக்கும்போதே மௌத்பீஸ் அவர் வாய்ப் பக்கமும், நேராகவும் இருக்கும்படி பிடியுங்கள். தலைகீழாகப் போனால் மூச்சோடு தண்ணீர் வரும். ரெகுலேட்டரின் முன்பக்கத்தில், அழுத்தினால் காற்று பீறிடும் பர்ஜ் பட்டனை உங்கள் உள்ளங்கையால் மறைக்க வேண்டாம். ஊதித் தண்ணீரை வெளியேற்ற அவரிடம் காற்று இருக்காது, பட்டனை அழுத்தித்தான் ஆக வேண்டும்.

பிறகு ஒருவர் மற்றவரின் வலது முன்கையையோ பிசிடி பட்டையையோ பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் ஹோஸ் இழுபட்டு வாயிலிருந்து உருவிவிடும். உடனே மேலே பாய வேண்டாம். கண்ணைப் பார்த்து, இரண்டு மூன்று மூச்சு சீராக வந்த பிறகு ஏறச் சைகை. ஏறும்போது இருவருமே அவரவர் பிசிடி காற்றை வெளியேற்ற வேண்டும். இது மறந்துபோய் இருவரும் கட்டுப்பாடில்லாமல் மேலே போவது நடக்கிறது. ரெகுலேட்டர் வாயில் இல்லாத எந்த நேரத்திலும் சின்னச் சின்னக் குமிழியாக மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும்.

மேற்பரப்பில் வந்ததும் பலர் மறப்பது ஒன்று. காற்று தீர்ந்தவரின் பிசிடி பட்டனை அழுத்தினால் நிரம்பாது, அவர் டேங்க் காலி. வாயால் ஊத வேண்டும், அல்லது வெயிட்டைக் கழற்றிப் போட வேண்டும். அவர் மிதக்கும்வரை உங்கள் ரெகுலேட்டர் அவர் வாயிலேயே இருக்கட்டும், கையையும் விடாதீர்கள்.

பக்கத்தில் யாருமே இல்லையென்றால்?

9 மீட்டருக்குள் இருந்தால், ரெகுலேட்டரை வாயில் வைத்தபடியே, "ஆஆ" என்று ஒலி எழுப்பி மூச்சை விட்டுக்கொண்டு மேலே நீந்தி வருவதைக் கோர்ஸில் கற்றிருப்பீர்கள். ரெகுலேட்டரைத் துப்பிவிடாதீர்கள்: மேலே ஏற ஏற நீரழுத்தம் குறைவதால், டேங்க்கில் மிஞ்சியிருப்பதிலிருந்து இன்னும் ஓரிரு மூச்சு கிடைக்கலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பழகிப் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு பயணத்தின் முதல் டைவிலும். தனி நேரம் ஒதுக்க வேண்டாம், சேஃப்டி ஸ்டாப்பின் 3 நிமிடமே தாராளம். ஒருவர் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காற்று இல்லை என்ற சைகை காட்டட்டும், மற்றவர் கொடுக்கட்டும், நான்கு மூச்சு, திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு மாறிச் செய்யுங்கள். மிதப்பு ஆடாமல், ஆழம் மாறாமல் செய்ய வருகிறதா என்று பாருங்கள், அது வரும்வரை ஆழத்தைக் கூட்ட வேண்டாம். இப்படிச் செய்யப் போகிறோம் என்று படகிலேயே கைடிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நிஜமான அவசரம் என்று நினைத்து மற்றவர்களை விட்டுவிட்டு உங்களை நோக்கி வந்துவிடுவார்.